அப்டேட்டுக்கும் பைசாவா? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. போன், லேப்டாப், பேக்கரிக்காரர்களின் பில்லிங் மெஷின், மழைக்காலத்தில் படகுக்காரர்கள் சாக்கில் சுற்றிக் கொண்டுவரும் ஜிபிஎஸ் என்று வந்ததையெல்லாம் திறந்து பார்ப்போம். என்ன சாதனமாக இருந்தாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: வாங்கியாச்சு, இனியும் எதற்குக் காசு? சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே.

"அண்ணே, பைசா குடுத்துதான சாதனத்த வாங்கினேன்? பெறவு அப்டேட்டுக்கும் எதுக்கு பைசா?"

எந்த அப்டேட் என்பதைப் பொறுத்தது. போன் அடிக்கடி தானாக அணைகிறது, அதைச் சரிசெய்ய ஒரு அப்டேட் வருகிறது என்றால், அது அவர்கள் செய்த தப்பை அவர்களே திருத்துவது. அதற்கு நாம் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. வைரஸ்காரன் நுழையும் ஓட்டையை அடைக்கிற பாதுகாப்பு அப்டேட்டும் என் கணக்கில் இதே வகைதான்.

வாங்கும்போது இல்லாத, யாரும் தருவதாகச் சொல்லாத புது வேலை ஒன்றைப் பிறகு எழுதிச் சேர்த்தால் அதற்கு விலை வைப்பதில் தப்பில்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். பொருளுக்குள் சாமான் முழுதும் இருக்கும், அதன் விலையையும் நம்மிடம் வாங்கியிருப்பார்கள், ஆனால் சாப்ட்வேரில் ஒரு பூட்டுப் போட்டு, சாவிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். கீழே வருகிற பதில்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

"நீங்களும் 150 ரூபா வாங்குறீங்களே, அது என்ன கணக்கு?"

கேட்பது நியாயம். அது அப்டேட்டின் விலை இல்லை, என் வேலைக்கூலி. படம், காண்டாக்ட் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்து, இடம் ஒழித்து, போன் பாதி வழியில் லோகோவிலேயே நின்றுபோனால் மீட்டு எடுப்பதற்கான கூலி. வீட்டில் வைஃபை இருக்கிறது, சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் செட்டிங்ஸில் போய் நீங்களே செய்துகொள்ளலாம், ஒரு செலவும் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், ஆனாலும் பாதிப் பேர் "நீங்களே போட்டுத் தாங்க"ன்னு வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏதாவது கடையில் "கம்பெனி சார்ஜ்" என்று சொல்லி வாங்கினால், கம்பெனி பெயரில் பில் கேளுங்கள். பில் வராது என்றால் அதுவும் வேலைக்கூலிதான், பெயர் மட்டும் வேறு.

"போன் அப்டேட்டுக்கு கம்பெனிக்காரன் எப்பமாவது பைசா கேப்பானா? எனக்கு மெசேஜ் வந்திருக்கு."

இன்றைக்கு ஆண்ட்ராய்டாக இருந்தாலும் ஐபோனாக இருந்தாலும் ஓஎஸ், அதாவது போனையே ஓட்டுகிற அடிப்படை சாப்ட்வேர், அதன் அப்டேட் இலவசம். காசு கேட்டு மெசேஜ் வந்தால் அது திருட்டு. 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது "உங்கள் போனை 5ஜிக்கு மாற்ற இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று வந்ததை நம்பி ஓடிவந்தவர்கள் பலர். உண்மையில் போனுக்குள் 5ஜி வன்பொருள் இருந்தால் கம்பெனியே ஓசியில் திறந்துவிட்டது. ஐபோன்களுக்கு அந்த டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 அப்டேட்டில் அது வந்தது. வன்பொருள் இல்லாத போனை எந்த அப்டேட்டாலும் 5ஜி ஆக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) வருகிற "அப்டேட்"டைத் தொடவே வேண்டாம். தொட்டுக் காசு போய்விட்டால் என்னிடம் வருவதற்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

"எப்பவுமே இப்படி ஃப்ரீயாதான் இருந்ததா அண்ணா?"

இல்லை. இதைக் கேட்டது ஒரு காலேஜ் பையன், அவனுக்கு ஐபாட் டச் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஐபோன் மாதிரியே இருக்கும், போன் பேச மட்டும் முடியாது. 2007 செப்டம்பரில் வந்தது. நாலு மாதம் கழித்து, 2008 ஜனவரியில், ஆப்பிள் அதற்கு மெயில், மேப், நோட்ஸ் என ஐந்து ஆப்களைக் கொண்டுவந்தது. புதிதாக வாங்குபவர்களுக்கு உள்ளேயே இருக்கும், ஏற்கெனவே வாங்கியவர்கள் 20 டாலர் கட்ட வேண்டும். அதே நேரத்தில் ஐபோன்காரர்களுக்கு வந்த அப்டேட்டுக்குக் காசே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த அப்பாமாரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதோடு விடவில்லை. 2008 ஜூலையில் வந்த 2.0 ஓஎஸ் பதிப்புக்கு 9.95 டாலர், 2009 ஜூனில் 3.0-க்கு மறுபடி 9.95. 2010-ல் ஐஓஎஸ் 4 வந்தபோதுதான் ஐபாட் டச்சுக்கும் இலவசமானது. கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்: ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் ஓஎஸ்ஸில் லெப்பர்டு என்ற பதிப்பு 129 டாலருக்கு விற்றது, அடுத்த ஸ்னோ லெப்பர்டு 29, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 2013-ல் மேவரிக்ஸ் இலவசமாக வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் ஒரு வருடத்துக்கு ஓசியில் கொடுத்தது.

"ஐபோனுக்கு ஓசி, ஐபாடுக்கு பைசான்னா அது வஞ்சனை இல்லியா?"

அப்படித்தான் நானும் அப்போது நினைத்தேன். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது, அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு டியூஷன் சென்டர் ஜூனிலேயே வருஷ ஃபீஸ் முழுவதையும் வாங்கிவிடுகிறது என்று வையுங்கள். காசு கைக்கு வந்தாச்சு, ஆனால் பாடம் இனிமேல்தான் நடத்த வேண்டும், அதனால் முழுத் தொகையையும் ஜூன் மாத வருமானமாக எழுதக் கூடாது, மாதாமாதம் பிரித்து எழுத வேண்டும். ஐபோனை ஆப்பிள் இப்படித்தான் எழுதியது, வருமானத்தை 24 மாதமாகப் பிரித்து. ஏனென்றால் பிறகும் புது வசதிகள் தருவோம் என்று சொல்லியே விற்றார்கள்.

ஐபாட் டச்சை அப்படி எழுதவில்லை. விற்ற அன்றே முழு வருமானமும் வந்ததாக எழுதிவிட்டார்கள், அதாவது பாடம் முடிந்தது. முடிந்த பாடத்துக்கு மேலே ஓசியில் பாடம் நடத்தினால் ஆடிட்டர், "அப்போ அன்றைக்கு முழுசாக எழுதியது தப்பல்லவா?" என்று கேட்பார். கணக்கில் தில்லுமுல்லு செய்த என்ரான் கம்பெனி 2001-ல் கவிழ்ந்து, 2002-ல் அமெரிக்காவில் கம்பெனிக் கணக்குகளுக்குப் புதுச் சட்டம் வந்தபிறகு எல்லோரும் இதில் ரொம்பப் பயந்திருந்த காலம் அது. அதனால் பெயருக்காவது ஒரு விலை வைத்தார்கள்: 2007-லேயே சில மேக்குகளுக்குள் வெளியில் சொல்லாமல் வைத்திருந்த வேகமான வைஃபையைத் திறக்க 1.99 டாலர் வாங்கினார்கள். சம்பாதிக்க நினைப்பவன் ரெண்டு டாலர் வாங்குவானா? 2009-ல் அந்தக் கணக்கு விதி தளர்ந்தது, அடுத்த வருடமே ஐபாட் அப்டேட் இலவசம்.

ஆனாலும் 20 டாலருக்கு இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. கணக்குக்காக என்றால் அங்கேயும் ரெண்டு டாலர் போதுமே.

"ஜிஎஸ்டி மாறினதுக்கு பில்லிங் மெஷின்காரன் 2,500 கேக்கான். குடுக்கணுமா?"

2025 செப்டம்பர் 22-ல் வரி மாறியபோது ஒரு வாரம் முழுக்க இந்தக் கேள்விதான். பிஸ்கட் 18-லிருந்து 5, வெண்ணெய் நெய் 12-லிருந்து 5, சிமென்ட் 28-லிருந்து 18. தக்கலையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் மெஷினையே கழற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். மெனுவுக்குள் போய், டாக்ஸ் என்று ஒரு இடம், அதில் மூன்றாவது வரியில் 12.00 என்று இருந்தது, அதை 5.00 ஆக்கி என்டர் அழுத்தினேன், ஒரு பில் அடித்துப் பார்த்தோம், முடிந்தது. பொருளுக்குப் பொருள் தனியாக வரி பதிந்த பிஸ்கட்டுகளை மாற்றத்தான் அரை மணி நேரம் ஆனது. இது அப்டேட்டே இல்லை, உங்கள் மெஷினில் உங்களுக்கு உரிமையுள்ள செட்டிங். பாஸ்வேர்டு தரமாட்டேன் என்று விற்றவர் சொன்னால்தான் பிரச்சினை, அது முதல் பதிலில் சொன்ன பூட்டு வகை.

கம்ப்யூட்டர் சாப்ட்வேர் கதை வேறு. டேலி மாதிரியானவற்றில் லைசென்ஸ் வாங்கினால் கையிலிருக்கும் பதிப்பு உங்களுடையது, தொடர்ந்து ஓடும். முதல் வருடத்துக்குப் பிறகு புதுப் பதிப்பு வேண்டும் என்றால் சந்தா புதுப்பிக்க வேண்டும். சட்டம் மாற மாற வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள், அதற்கு வருடக் காசு வாங்குவது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். கட்டாத வருடம் பழைய பில்களையே திறக்க முடியாமல் செய்கிற சாப்ட்வேர்களும் இருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

"போட்டுல இருக்க ஜிபிஎஸ் சார்ட்டு பழசாச்சு. புதுசு போட்டுத் தரதுக்கு எதுக்கு இவ்வளவு கேக்காவ?"

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுக்காரர்கள் கேட்பது. இங்கே கருவி ஒன்று, அதில் செருகும் கடல் வரைபட அட்டை வேறொன்று. கருவியின் சாப்ட்வேர் அப்டேட் பெரும்பாலும் இலவசம், பெரிய கம்பெனிகள் அதை வெளிப்படையாகவே தருகின்றன. வரைபடம் அப்படி இல்லை, ஆழம், பாறை, கலங்கரை விளக்கம் என்று யாரோ அளந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நேவியோனிக்ஸ் அட்டை வாங்கினால் ஒரு வருடம் அப்டேட் உண்டு, பிறகு சந்தா. ஒரு வருடம் கழிந்ததும் அட்டை செத்துவிடாது, கடைசியாகப் போட்ட வரைபடத்தோடு வேலை செய்யும்.

அப்புறம், வருடாவருடம் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், நீங்கள் புதிய கடல்பகுதிக்குப் போகிறீர்களா என்பதைப் பாருங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் எந்த வாரம் எங்கே மேடு தட்டும் என்பதை எந்தச் சந்தாவும் சொல்லாது. அதைக் காலையில் உள்ளே வந்த வள்ளக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

"லைஃப்டைம் அப்டேட்னு பாக்ஸ்லயே போட்டிருக்கே. யாரோட லைஃப்?"

உங்களுடையது இல்லை. சின்ன எழுத்தில் பார்த்தால் "கருவி பயனில் இருக்கும்வரை, அல்லது கம்பெனிக்கு வரைபடத் தகவல் கிடைக்கும்வரை" என்ற மாதிரி இருக்கும். காரில் வைக்கும் வழிகாட்டிகளில் இது சகஜம். என் மச்சான் தன் காரின் மேப்பை அப்டேட் செய்ய சர்வீஸ் சென்டருக்குப் போனான், அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல பழைய போனே வாங்கலாம். போன் ஸ்டாண்டு வாங்கி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு வந்துவிட்டான். அந்த மேப்பில் இன்றைக்கும் மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இல்லை.

"கார்லயும் ஸ்கூட்டர்லயும் மாசாமாசம் பைசா கட்டினாதான் வசதி வேலை செய்யுமாமே, உள்ளதா?"

உள்ளதுதான். 2022-ல் பிஎம்டபிள்யூ தென்கொரியாவில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதம் ஏறக்குறைய 18 டாலர் என்று போட்டது. கம்பி சீட்டுக்குள்ளேயே இருக்கிறது, காசு கட்டினால் சூடாகும். ஊர் உலகமெல்லாம் திட்டியது, 2023-ல் கைவிட்டார்கள். நம்ம ஊர் வெயிலுக்குச் சீட்டை ஆறவைக்க வேண்டுமானால் நான் காசு தருவேன், அது வேறு விஷயம். மெர்சிடிஸ் அதே 2022-ல் அமெரிக்காவில் மின்சாரக் காரின் வேகம் கூட்ட வருடம் 1,200 டாலர் என்றது. மோட்டார் அதே மோட்டார்.

நம்ம பக்கம் மின்சார ஸ்கூட்டர்களில் இது வந்துவிட்டது. ஏதரில் புரோ பேக் என்று தனி விலை இருக்கிறது, அதை வாங்காவிட்டால் சில வசதிகள் இருக்காது. வாங்கும்போதே சொல்லி விற்பதால் அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் ஷோரூமில் ஓட்டிப் பார்க்கத் தருகிற வண்டியில் எல்லாம் திறந்திருக்கும். உங்கள் பில்லில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் இலவசமாக இருந்த வசதியைப் பிறகு பூட்டிக் காசு கேட்டால் மட்டும் சும்மா விடாதீர்கள், எங்கே போவது என்று பின்னால் சொல்கிறேன்.

"விண்டோஸ் 10-க்கு 30 டாலர் கேக்குது. கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது சாரே."

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு முடிந்தது. அதன் பிறகு ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வேண்டும் என்றால் 30 டாலர். காசில்லாத வழியும் உண்டு: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் அதே அப்டேட் கிடைக்கும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் இதை இலவசமாகவே கொடுக்க வேண்டி வந்தது. கடையில் வருபவர்களில் காசு கட்டியவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான். ஒழுங்காக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போடச் சொல்லுகிற அப்டேட் இலவசம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் படிக்க மட்டும்தான் என்றால் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போட்டுத் தருகிறேன், வேலைக்கூலி மேலே சொன்னதைவிடக் கொஞ்சம் கூடும்.

"ஓசி அப்டேட் போட்ட பெறவுதான் போன் இழுக்குது. புது போன் விக்கதுக்கு வேணும்னே செய்யுறானுவளா?"

எப்போதும் இல்லை, ஆனால் சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களை அப்டேட் வழியாக வேகம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது, போன் திடீரென அணையாமல் இருக்கத்தான் என்றது. பேட்டரி விலையைக் குறைத்தார்கள், அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தர 2020-ல் சம்மதித்தார்கள். இத்தாலியில் 2018-ல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது, இதே மாதிரிக் குற்றச்சாட்டுக்குத்தான்.

பல போன்களில் பேட்டரி மாற்றினாலே பாதிக் குறை தீரும். ஸ்டோரேஜ் தொண்டைவரை நிரம்பிய போன்கள் இன்னும் அதிகம். விலை குறைந்த சில போன்களில் அப்டேட்டோடு விளம்பரமும் கூடவே ஏறும், காசு கேட்காமல் கொடுப்பதற்கு அதுதான் கட்டணம்.

"செகண்ட் ஹேண்டு வாங்கினேன். முந்தினவர் பைசா கட்டின வசதி எனக்கு வருமா?"

காசு எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கருவியோடு ஒட்டியிருந்தால் வரும், அவருடைய கணக்கோடு ஒட்டியிருந்தால் அவர் கணக்கைக் கழற்றியதும் போய்விடும். வாங்கும் முன்னால் அவரையே முன்னால் வைத்துக் கணக்கைக் கழற்றச் சொல்லி, அதற்குப் பிறகும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

"நியாயமில்லாம பைசா கேட்டா எங்க போய்ச் சொல்லணும்? வக்கீலுக்கு ஆவுற செலவுக்கு புதுசே வாங்கலாமே."

வக்கீல் இல்லாமலே போகலாம். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் புகார் நேராகக் கம்பெனிக்குப் போகிறது. தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

வெல்வதும் தோற்பதும் நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளைப் பொறுத்தது. பில், பாக்ஸ், வாங்கிய அன்றைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். "இந்த வசதி உண்டு" என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டுப் பிறகு காசு கேட்டால் உங்கள் பக்கம் பலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு போன் மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் 5 வருடத்துக்கு, விடுகிற ஓஎஸ் அப்டேட்டைக் காசில்லாமல்தான் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. நமக்கு இப்போதைக்கு கம்பெனி கொடுக்கிற வாக்குதான். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் என்று சொன்னார்கள், அந்த வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"கோயில்ல வாசிக்கிற கீபோர்டுக்கு அப்டேட் வந்திருக்கு. போட்டா என் டோன் எல்லாம் போயிருமா?"

பெரிய கம்பெனி கீபோர்டுகளின் ஓஎஸ் அப்டேட்டுக்குப் பொதுவாகக் காசில்லை. நாதஸ்வரம், தபேலா என்று நம்ம ஆட்கள் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளும் டோன்களும் ஸ்டைல்களும் கம்பெனியுடையவை அல்ல, யாரோ உட்கார்ந்து செய்து விற்பவை, அதனால் அப்டேட்டில் அவை அழிந்தால் கம்பெனி பொறுப்பேற்காது. விற்றவர் மறுபடி ஏற்றித் தரக் காசு கேட்டால் அது 150 ரூபாய்க் கணக்குதான், திட்டாதீர்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் சேவ் செய்யுங்கள், அதை வேறொரு பென்டிரைவிலும் போடுங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். கரண்ட் போகாத நேரம் பார்த்துப் போடுங்கள். சர்ச்சில் வாசிப்பவர்கள் டிசம்பர் 24 ராத்திரி மட்டும் போடாதீர்கள். போன வருடம் ஒரு தம்பி போட்டான், பதினொன்றரைக்கு எனக்கு போன் வந்தது, பின்னால் பாடகர் குழு பயிற்சி செய்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. அன்றைக்குக் கடைசியில் ஹார்மோனியம்தான்.